நின்றவூர் வழியே கச்சிமாநகர்

பல்லவ வேந்தர்க்குத் தலைநகராய்ப் பல நூற்றாண்டு விளங்கிய கச்சிமாநகர், சென்னையினின்று ஒரு பகற்பொழுதிற் சென்று மீளத்தக்க அண்மையில் உள்ளது. ஆயினும், அங்குச் செல்வோருட் பலர் செங்கழுநீரோடை வீதியிலும் பட்டுக் கடைகளிலும் பொழுதைப் போக்கி, இரண்டொரு கோயில்களை விரைந்து வணங்கி மீளுகின்றனர். நாயன்மார் வரலாற்றினையும் கல்லிற் பொறித்த பல்லவர் வரலாற்றினையும் ஒருங்கு வைத்து நோக்கக் கருதும் சைவ அன்பர்க்கு, அவ்வொரு நாட் பயணமே ஒரு பெருநூலைப் பயின்றதனோடு ஒக்கும். அப்பயணத்தினை எவ்வாறு கொள்ளலாம் என்பதும், அதனால் விளங்கும் ஒரு வரலாற்று உண்மை யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

கச்சிக்குப் புகைவண்டியிற் செல்ல இரு வழிகள் உள. ஒன்று தாம்பரம், செங்கற்பட்டு, வாலாசாபாத்து வழியாகச் செல்வது. மற்றொன்று ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகச் செல்வது. முன்னையதே பலரும் அறிந்தது. யாம் பரிந்துரைப்பதோ, போகும்போது அரக்கோணத்து வழியும் மீளும்போது செங்கற்பட்டு வழியுமாம். அரக்கோணத்தினின்று கச்சிக்குச் செல்லும் வண்டிகள் மிகச் சிலவே யாதலின், அவற்றின் நேரத்தை முன்னரே அறிந்து புறப்படுதல் வேண்டும். இச்சிறு வருத்தத்தினைப் பொறுப்பார்க்கு அவ்வழி தரும் பயன் பெரிது.

தென்னாட்டிற் புகைவண்டி முதன்முதல் ஓடியது 1856-ஆம் ஆண்டில். இராயபுரத்தினின்று வாலாசா ரோடு வரை அன்று இடப்பெற்ற இருப்புப் பாதையே இன்றும் அரக்கோணத்திற்குச் செல்லும் பாதை. அரக்கோணத்தினின்று காஞ்சிபுரத்திற்கு 1865-இற் கிளைப் பாதை அமைந்தது. வணிகமும் ஆட்சியும் கருதி அயல்நாட்டார் இட்ட இப்பாதை, தற்செயலாகவே தொண்டை நாட்டுத் திருப்பதிகள் பலவற்றைக் கோத்த மாலைபோல் அமைந்துவிட்டது. நம்பியாரூரர் பாடிய திருமுல்லைவாயில் இப்பாதையில் உள்ளது. காரைக்காலம்மையார் தலையால் நடந்து சென்று ஆண்டவன் திருவடிக்கீழ் இருக்கப்பெற்ற திருவாலங்காடும் இப்பாதையில் உள்ளது. அவ்வாலங்காட்டுக் கோயிலுக்குப் பழையனூரைத் தேவதானமாக அளித்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகளே சோழர் குலவரலாற்றை அறிதற்குப் பெருந்துணையாயின. அரக்கோணத்தைக் கடந்தால், திருவூறல் என்று ஆளுடைய பிள்ளையார் பாடிய தக்கோலம் வரும். முதற் பராந்தகன் மைந்தனாகிய இராசாதித்தன், 949-ஆம் ஆண்டில் இராட்டிரகூடரோடு பொருது யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்த போர்க்களமும் அதுவே. அடுத்துத் திருமாற்பேறு, திருமால் சிவபெருமானைப் பூசித்துச் சக்கரம் பெற்ற பதி என்று போற்றப்படுவது. அதன்பின் கச்சி.

இவ்வூர்களுள் ஒன்றனை வேண்டுமென்றே கூறாது விடுத்தோம். அது சென்னைக்கும் திருவள்ளூருக்கும் இடையிலுள்ள திருநின்றவூர். வண்டி ஒரு நிமிடமே நின்று செல்லும் அந்நிலையத்தில் நாடோறும் பல்லாயிரவர் ஏறியிறங்குகின்றனர். அவருள் எத்துணைப் பேர், தம் உள்ளத்திற் கோயில் கட்டிய பூசலார் நாயனார் ஊர் இது என்று எண்ணுகின்றனரோ அறியோம். காலையில் முதல் வண்டியிற் புறப்படும் அன்பர் இங்கு இறங்கி, இருதயாலீசர் திருமுன் வணங்கி, அடுத்த வண்டியில் மேற்செல்வாராக. அவர் செல்லும் திசை, அன்று காடவர் வேந்தன் வந்த திசைக்கு எதிர்த்திசையாகும்.

வரலாறு யாவரும் அறிந்ததே. பொருள் தேடியும் கிட்டாமையால் பூசலார் கல்லும் மரமும் கருவியும் யாவும் மனத்தினாலேயே அமைத்து, நாளடைவில் அடித்தளம் முதற் சிகரம் ஈறாகத் திருப்பணி முற்றுவித்து, தாபனத்திற்கு நாளுங் குறித்தார். அந்நாளிலேயே காடவர் அரசனும் தான் கச்சியில் எடுப்பித்த பெருங்கற்றளியிற் பெருமானை எழுந்தருளுவிக்கக் கருதினான். இறைவன் அரசன் கனவிலே தோன்றி, நின்றவூரன்பன் அமைத்த ஆலயத்தில் நாளை யாம் புகுவோம். நீ நின் செயலை வேறொரு நாளிற் கொள்க என்று அருளினான். அரசன் விழித்தெழுந்து நின்றவூர்க்கு வந்து, அக்கோயில் யாண்டுளது என வினவிக் காணாது, பூசலாரை அடைந்து, உண்மை உணர்ந்து, நிலமுற வீழ்ந்து பணிந்து சென்றான். கச்சிக்கும் நின்றவூர்க்கும் இடையே நேராக அளப்பின் 50 கி.மீ. அளவேயாம். அன்று அது ஓர் அரசன் தன் பெருவிழாவை நிறுத்திவிட்டு, ஊரும் பேரும் கேட்டறிந்து வந்த தொலைவு.

இனி, கச்சியை அடைந்த அன்பர் முதலிற் செல்லவேண்டுவது நகரின் மேல்கோடியிலுள்ள கயிலாசநாதர் கோயிலே. பிற்பகலில் நடை திறக்குமளவும் காத்திருக்க நேரிடுமாதலின் காலையிலேயே இதனைக் காண்டல் நன்று. இக்கோயிலை எடுப்பித்தவன் ஏறக்குறைய கி.பி. 700 முதல் 728 வரை ஆண்ட இரண்டாம் நரசிங்கவர்மன் என்னும் இராசசிங்க பல்லவன். இதன் பழம்பெயர் இராசசிங்கேச்சுரம். சோழர் கல்வெட்டுக்கள் இதனைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று வழங்கும். கருங்கல் அடித்தளத்தின்மேல் மணற்கல்லால் எழுந்தது. கருவறையிற் பதினாறு பட்டையுடைய இலிங்கத் திருமேனியும், அதன் பின்சுவரிற் சோமாற்கந்தர் திருவுருவும் உள்ளன. திருச்சுற்று மதிலையொட்டி 58 சிறுகோயில்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின்கீழ் அரசனுடைய விருதுப் பெயர்கள் 250-க்கு மேற்பட்டவை பொறிக்கப்பெற்றுள்ளன. சங்கரபக்தன், ஈசுவரபக்தன், ஆகமப்பிரமாணன் என்பன அவற்றுட் சில. 1931-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரே என்பார் இச்சிறுகோயிற் சுவர்களிற் பல்லவர் கால ஓவியங்கள் மறைந்திருத்தலைக் கண்டு வெளிப்படுத்தினார்.

விமானத்தின் புறத்தே வடமொழிச் செய்யுட்களாலாகிய சாசனம் ஒன்று சுற்றிலும் வெட்டப்பட்டுள்ளது. ஹுல்ச் என்னும் அறிஞர் இதனைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதற்றொகுதியில் 1890-இல் வெளியிட்டார். இச்சாசனத்தில் சைவர் ஊன்றி நோக்கத்தக்க செய்திகள் இரண்டு உள. ஒன்று, இவ்வரசன் சைவசித்தாந்த மார்க்கத்தில் நின்று மலமெல்லாம் நீங்கப்பெற்றவன் என்பது. மற்றொன்று, முன்னை யுகத்தில் துட்டியந்தன் முதலிய வேந்தர் உருவிலா வாக்கினைக் கேட்டனர். நற்குணங்கள் அகன்றொழிந்த இக்கலியுகத்திலே அவ்வாக்கினைச் சீபரன் கேட்டது வியப்பாம் என்பது. சீபரன் என்பது இராசசிங்கனுக்குரிய விருதுப் பெயர்களுள் ஒன்று.

இரண்டாவது செய்தியைப் பூசலார் வரலாற்றோடு இயைத்து நோக்கிய அறிஞர் பலர், பெரியபுராணம் கூறும் காடவர் அரசன் இவ்விராசசிங்கனே என்று துணிந்தனர். இத்துணிபிற்குத் தக்க ஏதுக்கள் உள. இவனுக்கு முன்னிருந்த மகேந்திரவர்மன் குன்றுகளைக் குடைந்து கோயில் செய்தவன். கச்சியிற் கற்களை அடுக்கி மிகப் பெரிதாக எழுப்பப்பட்ட முதற்றளி என்று சுட்டத்தக்கது இதுவே. கோயில் எடுத்த அரசன் ஒருவன் தெய்வ வாக்கினைக் கேட்டான் என்பதனைப் புராணமும் கூறுகின்றது, கல்லும் கூறுகின்றது.

ஆயினும், நாம் உண்மையை உள்ளவாறு கொள்ளுதல் வேண்டும். சாசனம் பூசலாரைப் பெயர் சுட்டிக் கூறவில்லை, நின்றவூரையும் கூறவில்லை, அவ்வாக்கு யாது சொல்லிற்று என்பதனையும் கூறவில்லை. புராணம் கனவு என்றது. சாசனம் உருவிலா வாக்கு என்றது. ஆதலின், கல்வெட்டே பூசலார் வரலாற்றை நிறுவிவிட்டது என்பார் கூற்று மிகைபடக் கூறலாம். மறுதலையாக, பூசலார் வரலாறு நானூறு ஆண்டு கழித்துச் சேக்கிழார் புனைந்துகொண்டதே என்பாருடைய கூற்றும் நில்லாது. என்னை? நம்பியாரூரர் தம் திருத்தொண்டத்தொகையிற் பூசலாரை ஊர்ப்பெயரோடு சேர்த்தே போற்றியுள்ளார். அப்பதிகத்துள் அவர் தம் காலத்து ஆளும் வேந்தனாகக் குறிக்கும் கழற்சிங்கனை இராசசிங்கன் என்பாரும் உளர். 9-ஆம் நூற்றாண்டினனாகிய மூன்றாம் நந்திவர்மன் என்பாரும் உளர். இருவருட் பின்னையோனே யாகுக. அப்பொழுதும் கற்றளி எழுந்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுக்குள்ளாகவே நின்றவூரடிகள் தொண்டர் திருக்கூட்டத்துள் வைத்து வணங்கப்பட்டமை உறுதி. அதன்பின் நம்பியாண்டார் நம்பி அந்தாதியிற் கூறினார். அதன்பின் 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் விரித்தார். இஃது இடையறாது வந்த வழக்கு. கல்லெழுத்தும் சொல்வழக்கும் ஒன்றையொன்று மறாது ஒரு திசை நோக்கி நிற்கின்றன. வரலாற்றாராய்ச்சி இவ்வளவே கூறும், இவ்வளவே போதும்.

முதற் செய்தியினும் இத்தகைய அடக்கம் வேண்டும். கி.பி. 700-ஐ அடுத்த காலத்திலேயே ஒரு தமிழகத் தலைநகரின் கோயிற் சுவரிற் சைவசித்தாந்தம் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருத்தல் நமக்குப் பெருமிதம் தருவதே. ஆயினும் அஃது ஆகமநெறியையும் தீக்கையையும் குறித்தது. மெய்கண்ட தேவர் சிவஞானபோதம் அருளியது அதற்கு ஐந்நூறு ஆண்டு கழிந்த 13-ஆம் நூற்றாண்டில். பெயர் ஒன்றாயிருத்தல் பற்றி, பின்னர் முறைப்பட விளங்கிய நூற்கருத்துக்களை யெல்லாம் பல்லவன்மேல் ஏற்றுதல் முறையன்று. அவன் காலத்து ஆகமநெறி வேர். மெய்கண்டார் நூல் அவ்வேரினின்று தமிழ்மண்ணிற் காய்த்த கனி என்பதே பொருந்தும்.

இக்கோயிலுக்கு மற்றோர் அரசனும் சான்று. 8-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் சளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பகைவனாய்க் கச்சியுட் புகுந்தான். புகுந்தவன் இராசசிங்கேச்சுரத்துச் செல்வத்தைக் கண்டும் கவராது, அதனை இறைவனுக்கே மீள அளித்தான். இச்செய்தி இக்கோயில் மண்டபத் தூணொன்றிற் கன்னட மொழியில் வெட்டப்பட்டுள்ளது. அவன் தேவி உலோகமாதேவி பட்டதக்கல்லில் எடுப்பித்த விரூபாக்கர் கோயிலிற் கச்சிக் கோயிலின் சாயல் படிந்திருத்தலை அறிஞர் எடுத்துக் காட்டுவர். வென்றவனையும் வணங்கச் செய்தது இத்தளி.

பிற்பகல் திருவேகம்பத்தினை வணங்கலாம். அங்கு ஓங்கி நிற்கும் இராசகோபுரம் 1509-இற் கிருட்டிணதேவராயர் எடுப்பித்தது. அருகிற் குமரகோட்டம், கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் அரங்கேற்றிய இடம். பல்லவர் அரசமுறையை அறிய விரும்புவார் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுற்றிலுள்ள சிற்ப வரிசையையும் காண்க. நந்திவர்ம பல்லவமல்லன் அரசுரிமை பெற்ற வரலாறு அங்குக் கல்லில் நிரல்படச் செதுக்கப்பட்டுள்ளது. மாலையிற் செங்கற்பட்டு வழியே செல்லும் வண்டியேறின் இரவிற் சென்னையை அடையலாம்.

இவ்வொரு நாளிற் கண்டவற்றால் விளங்குவது யாது? பூசலார் வரலாற்றைக் கொண்டு, மனக்கோயிலே போதும், கற்கோயில் வேண்டா என்று சிலர் கூறுப. அஃது அவ்வரலாற்றின் கருத்தன்று. இறைவன் அரசன் கோயிலை வேண்டா என்றானல்லன். நாளை மாற்றுக என்றே அருளினான். பூசலாரும் கற்கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடிக் கிட்டாதபோதே உள்ளத்தில் எடுத்தார். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மெய்யடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவமாகவே கண்டு வழிபடுக என்று விதிக்கும். அந்நூல் தோன்றுமுன்னரே காடவர்கோன் அவ்விரண்டனையும் தன் ஒழுக்கத்திற் காட்டினான். ஆலயமும் எடுத்தான், அடியாரையும் பணிந்தான். மலம் நீங்கியவன் என்று புலவர் அவனைப் புகழ்ந்து கல்லிற் பொறித்தனர். தான் என்னும் முனைப்பு நீங்கினான் என்பதற்கோ, அவன் நின்றவூர்க்குச் சென்ற செலவே சான்று. விருதுகள் 250-க்கு மேல் இருப்பினும், சைவவுலகம் அவனை நினைப்பது இவ்வொரு செயலால்.

அத்தகைய தளி இன்று இருக்கும் நிலையையும் கருதல் வேண்டும். தொல்பொருள் துறையினர் காக்கின்றனர், பூசையும் நடைபெறுகின்றது. எனினும் மணற்கல் மெல்லியது. காற்றாலும் மழையாலும் சிற்பங்கள் தேய்ந்து உதிர்கின்றன. பிற்காலத்தார் பூசிய சுதை பல உருவங்களை மறைத்துள்ளது. ஓவியங்கள் சிறுசிறு துணுக்குகளாகவே எஞ்சின. பெருங்கூட்டம் ஏனைய கோயில்களில் நிறைந்திருக்க, இத்தளியின் முற்றம் பெரும்பாலும் வெறிச்சோடியே இருத்தலைக் காணலாம். சைவ சபையார் ஆண்டிற் கொருமுறையேனும் அன்பர் குழாத்தொடு நின்றவூரினின்று கச்சிவரை இவ்வழியே சென்று, பூசலார் புராணத்தினை ஓதி, சாசனத்தின் பொருளை இளைஞர்க்கு எடுத்துரைப்பாராயின், கல் தேய்ந்தாலும் கருத்துத் தேயாது நிற்கும். நாயனார் திருநாளாகிய ஐப்பசி அனுடம் அதற்குத் தக்க நாளாம்.

பூசலார் நாயனார் திருவடி வாழ்க.