சேறு கேட்ட வெறுங்கால், ஆண்டை கேட்ட வெறுங்கால்

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் வீட்டோடு ஒட்டிய தச்சுப் பட்டறையோ வெல்டிங் பட்டறையோ எதுவானாலும், படிக்குக் கீழே கழற்றிப் போட்ட செருப்பும் உள்ளே வெறுங்காலோடு நிற்கும் ஆளும் சேர்ந்தேதான் கண்ணில் படும். கேட்டால், வெறுங்கால் நம் மரபு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காவிரிப் பாசன நாட்டில் வெறுங்காலுக்கு ஒரே வரலாறு கிடையாது. வயலில் அதைச் சேறு கேட்டது. பட்டறையில் கைத்தொழில் கேட்டது. தெருவில் ஆண்டை கேட்டார். இவை மூன்றையும் மரபு என்ற ஒரே மூட்டைக்குள் கட்டிவைத்ததால்தான், காலுக்கு எது வேண்டும் என்று யோசிக்கவேண்டிய இடத்தில் நாம் யோசிக்காமலே இருந்துவிட்டோம்.

சேற்றின் நியாயத்தை மறுக்க முடியாது. தொளி உழுது தண்ணீர் கட்டிய நடவு வயலில் எந்தச் செருப்பும் நிற்காது. இரண்டாவது அடியிலேயே களிமண் அதை உறிஞ்சிக்கொள்ளும். வேறொரு ஆற்றுமுக நாடான ஹாலந்தில், ஈரத் தரையில் வேலை செய்தவர்கள் மரத்தைக் குடைந்து, நுழைத்துக்கொள்ளும் காலணி செய்து போட்டார்கள். வீட்டுக்குள் போகும்போது வாசலில் கழற்றி வைத்தார்கள். அந்த டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை பக்கத்து நாகப்பட்டினத்தையே ஆண்டார்கள். ஆனாலும் மரக்காலணி நம் வயலுக்கு வரவில்லை. செய்யத் தெரியாததால் அல்ல. துறவிகளுக்குப் பாதக்குறடு கடைந்து கொடுத்த தச்சர்கள் இங்கே இருந்தார்கள். டச்சுக்காரர்களுடையது குளிர்ந்த புல்வெளி ஈரம், நம்முடையது முழங்கால் புதையும் நெல்வயல். அதற்காக வெறுங்கால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. சேற்றுப்புண்ணும், காலின் வெட்டுக்காயம் வழியே நுழையும் எலிக்காய்ச்சலும், வரப்பில் கிடக்கும் கண்ணாடி விரியனும் இந்த வேலைக்குக் கால்கள் கொடுத்துவந்த விலை.

பட்டறையின் கதை வேறு. நம் பழைய பட்டறை, தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் பட்டறை. தச்சர் கட்டையைக் காலால் அழுத்திப் பிடித்து உளி வைப்பார். நெசவாளி தறிக்குழிக்குள் காலை இறக்கி மிதிகட்டையின் அழுத்தத்தை உள்ளங்காலாலேயே அளப்பார். கால் அங்கே மூன்றாவது கை. உள்ளங்காலுக்கும் மிதிகட்டைக்கும் நடுவே தோல் வந்தால் அந்தத் தொடுஉணர்ச்சி போய்விடும். நாளுக்குப் பத்து முறை வாசலைக் கடக்கிறவருக்கு வாரும் கொக்கியும் வைத்துக் கட்டும் காலணி உதவாது. நம் செருப்பு குனியாமல் நுழைக்கவும் உதறவும் வசதியாக அமைந்ததற்கு இதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

தெருவுக்கு வந்தால் இந்த நியாயங்கள் எதுவும் செல்லாது. தெருவில் தொளியும் இல்லை, மிதிகட்டையும் இல்லை. கீழத்தஞ்சையின் பண்ணையாள் அங்கேயும் வெறுங்காலோடுதான் நடக்கவேண்டியிருந்தது. தோளில் துண்டு, முழங்காலுக்குக் கீழே இறங்கும் வேட்டி, காலில் செருப்பு ஆகிய மூன்றும் அவருக்கு விலக்கப்பட்டிருந்தன. மீறினால் சவுக்கடி, அல்லது சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால். ஏழைக்குச் செருப்பு வாங்க வழியில்லை, அதைப் போய்ச் சாதித் தடை என்று ஏன் சொல்லவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வறுமை உண்மைதான். ஆனால், செருப்பு வாங்கியவரும் ஊர்த்தெரு வந்ததும் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாரே, அதற்கு வறுமை எப்படிக் காரணமாகும்? தமிழருக்குச் செருப்பே பழக்கமில்லை என்ற வாதமும் நிற்காது. 'தொடுதோல்' என்ற சொல் சங்க நூல்களிலேயே இருக்கிறது. பெரியபுராணத்தின் கண்ணப்பர் செருப்புக் காலோடுதான் சிவலிங்கத்தின் அருகே போகிறார். ஆவாரம் பட்டையில் தோல் பதனிடும் தொழில் இந்த நாட்டின் பழந்தொழில். அந்தத் தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்தவர்களையே சமூகம் கடைசியில் தள்ளியது. காலணியும் இருந்தது, அதைச் செய்யும் கையும் இருந்தது. போட்டுக்கொள்ளும் உரிமை மட்டும் சிலருக்கு இல்லை. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் 1943க்குப் பிறகு இந்தக் கிராமங்களில் விவசாயிகள் சங்கம் கட்டியபோது எதிர்த்தது கூலிக் குறைவை மட்டும் அல்ல, இந்த அவமானத்தையும்தான். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவுகட்டியது. 1961இல் மறைந்த சீனிவாசராவின் நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, பொது இடத்தில் செருப்பு அணியவிடாமல் தடுப்பது குற்றம் என்று செருப்பின் பெயரைச் சொல்லியே எழுதவேண்டியிருந்தது.

இன்றைய பட்டறைக்கு வருவோம். தச்சர் எழுந்து நின்றுவிட்டார். கட்டையை இரும்புப் பிடிமானம் பிடிக்கிறது, கிரைண்டரும் டிரில்லும் அறுக்கவும் துளைக்கவும் செய்கின்றன. கால் மூன்றாவது கையாக இருந்த காலம் முடிந்தது. வெறுங்காலுக்குத் தொழில் தந்த காரணமும் அதோடு போயிற்று. ஐப்பசி கார்த்திகையில் நம் தரை ஓதம் கசியும். அந்தத் தரையில் வெறுங்காலோடு நின்று மின்கருவியைப் பிடிப்பதைவிட ஆபத்தான வேலை அந்த வீட்டில் வேறு இல்லை. வார்ச்செருப்பு இதற்குப் போதாது, விழும் இரும்புக்கு விரல்கள் திறந்தே கிடக்கும். துளை வைத்த மெத்தென்ற நுரைச்செருப்பு காலுக்குச் சுகம்தான். ஆனால் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும், துளை வழியே பொறி உள்ளேயும் இறங்கும். முன்புறம் மூடிய தடித்த தோலும், வழுக்காத ரப்பர் அடியும், நடக்கும்போது குதிகால் செருப்பைவிட்டு எழாத அளவும் உள்ள நுழைசெருப்பே பொருந்தும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்கினால் அளவு தப்பாது.

கருவி இருக்கும் இடம் சாமி இருக்கும் இடம், அங்கே செருப்புக் காலோடு நிற்பதா என்ற தயக்கம் மட்டும் மிச்சம். ஆயுத பூசையன்று உளிக்கும் ரம்பத்துக்கும் பொட்டு வைக்கும் மனசிலிருந்து வருவது அது; அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மரியாதை விலக்குவது தெருவின் அழுக்கைத்தான். பட்டறைக்கென்று ஒரு ஜோடியை நிலைப்படிக்கு உட்புறமாகவே வைத்து, தெருச்செருப்பை வெளியே விட்டு அதில் காலை நுழைத்துக்கொண்டால், தெருப்புழுதி உளிகள் இருக்கும் இடத்துக்கு வராது.