சிவப்பு மலையும் சாம்பல் மலையும்

கொதிக்கும் லாவாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துவிட்டு வாருங்கள் என்றால் போவீர்களா? ஃபிரான்ஸைச் சேர்ந்த மோரிஸ் க்ராஃப்ட்டும் அவர் மனைவி கத்யாவும் அதற்காகவே உலகமெல்லாம் சுற்றினார்கள். இருவருமே எரிமலை ஆராய்ச்சியாளர்கள். கத்யா கையில் ஸ்டில் கேமரா. மோரிஸ் கையில் மூவி கேமரா.

எரிமலைகளில் இவர்களுக்கு இரண்டே ரகம்தான். சிவப்பு, சாம்பல். ஹவாய் தீவில் இருப்பவை சிவப்பு ரகம். 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் லாவா வெல்லப்பாகு மாதிரி வழிந்து வரும். மேலே கறுப்பாக ஆடை கட்டி, ஆறிப்போனது போலத் தெரியும். காலை வைத்தால் தொலைந்தோம்! ஆனால் பெரும்பாலும் அதன் வேகம், நாம் நடக்கிற வேகம்கூடக் கிடையாது. போக்கு தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். வெப்பத்தைத் தடுக்கும் வெள்ளிநிற அங்கியோடு கத்யா நெருப்பின் முன்னால் நிற்கும் படங்கள் உலகப் பிரசித்தம். மோரிஸுக்கோ லாவா ஆற்றில் படகு விட ஆசை! (ஆசாமி ஏற்கெனவே இந்தோனேஷியாவில் ஒரு கந்தக அமில ஏரியில் ரப்பர் படகு ஓட்டியவர்.)

சாம்பல் ரகம் அப்படியல்ல. பல நூறு டிகிரி சூட்டில் வாயுவும் சாம்பலும் கல்லும் மேகமாகத் திரண்டு, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சரிவில் உருண்டு வரும். ஓடித் தப்ப முடியாது.

1985 நவம்பரில் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தது. உச்சியில் இருந்த பனி உருகி, சேற்று வெள்ளமாகப் பாய்ந்து, ஆர்மேரோ என்ற ஊரையே மூடியது. சுமார் 23,000 பேர் செத்துப்போனார்கள். எச்சரிக்கை இல்லாமல் இல்லை. ஊரைக் காலி செய்யத்தான் ஆளில்லை. அந்தச் சேற்றைப் படமெடுத்த தம்பதிக்கு, அதற்குப் பிறகு அழகான சிவப்புப் படங்கள் மட்டும் போதவில்லை. எரிமலை எப்படியெல்லாம் கொல்லும் என்று அதிகாரிகளுக்குக் காட்ட ஒரு வீடியோ தயாரித்தார்கள். அதற்குச் சாம்பல் மலைகளைக் கிட்டத்தில் போய்ப் படம்பிடிக்க வேண்டியிருந்தது.

1991 ஜூன் 3. ஜப்பானின் உன்ஸென் மலை. எதிர்பார்த்ததைவிடப் பெரிய சாம்பல் மேகம் இறங்கியது. 43 பேர் பலி. பத்திரிகையாளர்கள், தீயணைப்பு வீரர்கள், டாக்ஸி டிரைவர்கள்... அவர்களோடு மோரிஸும் கத்யாவும்.

அதே சமயம் பிலிப்பைன்ஸில் பினாடுபோ, சுமார் 500 வருடத் தூக்கம் கலைந்து உறுமிக்கொண்டிருந்தது. 'அது தூங்குகிற மலையாச்சே!' என்று நம்ப மறுத்தவர்கள் ஏராளம். விஞ்ஞானிகள் அவர்களுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் மிரண்டார்கள். பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சோடு வெளியேற்றப்பட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று அது. பல நூறு பேர் இறந்தார்கள். பல ஆயிரம் பேர் பிழைத்தார்கள். மலை உச்சகட்டமாக வெடித்தது ஜூன் 15. வீடியோ எடுத்தவர்கள் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.