பரிசு கிடைக்காத படம்

அரிப்புக் கடற்கரையில் பாதி இடிந்து நிற்கிற கட்டடத்தை எங்கட ஆக்கள் அல்லிராணி கோட்டை என்றுதான் சொல்லுவார்கள். நானும் அந்தப் பெயரைப் போட்டுத்தான் இணையத்தில் நடந்த ஒரு போட்டிக்கு என்ர முதல் படத்தை அனுப்பினேன். பொழுது சாயிற நேரம், செம்மஞ்சள் வானம், நடுவில கறுப்பாய் ஒரு சுவர். போனில் பார்த்த எல்லாரும் "சூப்பர் மச்சான்" என்றார்கள். பரிசு கிடைக்கவில்லை.

வென்ற படங்களைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அவற்றில் கல் தெரிந்தது, விரிசல் தெரிந்தது. என்ர படத்தில் வானம் மட்டும்தான் இருந்தது.

புகைப்படம் பழகிறதுக்கு முந்தி இப்படி ஒரு வழி இருக்கவில்லை. இலங்கையில் 1906இலேயே அமெச்சூர் புகைப்படச் சங்கம் ஒன்று உருவாகிவிட்டது. ஆனால் அது கொழும்பில். சங்கங்களின் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டுமென்றால் கமரா வேணும், பிலிம் வேணும், படத்தைக் கழுவிப் பெரிதாக்கக் காசு வேணும். குறை நிறை சொல்ல அனுபவமுள்ள ஒருவரும் பக்கத்தில் இருக்கவேணும். மன்னாரில் ஒரு மீனவக் குடும்பத்துப் பெடியனுக்கு இதில் எது கிடைத்திருக்கும்?

இணையம் வந்தபிறகு நிலைமை மாறியது. 2010இல் நெதர்லாந்தில் விக்கிப்பீடியர்கள் மரபுச் சின்னங்களுக்காக ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. 160,000இற்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்து, உலகின் மிகப்பெரிய புகைப்படப் போட்டி என்று கின்னஸில் இடம்பிடித்தது. அதே காலத்தில் தமிழிலும் ஒன்று நடந்தது. 2011 நவம்பர் 15 முதல் 2012 பெப்ரவரி 29 வரை தமிழ் விக்கி ஊடகப் போட்டி. தமிழர் வாழ்வைக் காட்டுகிற ஆயிரக்கணக்கான கோப்புகள் விக்கிமீடியா பொதுவகத்தில் சேர்ந்தன. அவை இப்பவும் அங்கே இருக்கின்றன, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

இந்த வகைப் போட்டியில் பரிசை விடப் பெரிய விசயம் இரண்டு இருக்கு. முதலாவது, பல படங்களுக்குக் கீழே கமரா விபரம் வரும்: துவாரம் எவ்வளவு, ஷட்டர் வேகம் என்ன, ஐஎஸ்ஓ எத்தனை. வென்றவர் எப்படி எடுத்தார் என்பதை ஒளிக்காமல் காட்டுகிற இலவச வகுப்பு அது. வங்காலையில் பூநாரைகளை உச்சி வெயிலில் எடுத்தால் ஏன் கானலில் கலங்கித் தெரிகின்றன என்பதை, காலையில் எடுத்த மற்றவர்களின் படங்களோடு ஒப்பிட்டுத்தான் நான் கண்டுபிடித்தேன்.

இரண்டாவது, விளக்கக் குறிப்பு. இது என்ன, எங்கே, எப்போது எடுத்தது என்று எழுதச் சொல்லுவார்கள். அடுத்த முறை அதை ஒழுங்காக நிரப்பத் தேடியபோதுதான், அந்தக் கட்டடத்தைக் கட்டியது அல்லிராணி இல்லை என்று தெரிந்தது. இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தங்குவதற்காக 1801–1804 காலத்தில் கட்டிய மாளிகை அது. எங்கட கடலில் சுழியோடி முத்தெடுத்தவர்களைக் கண்காணிக்க வந்தவரின் வீட்டுக்கு, எங்கட சனம் தங்கட கதையிலிருந்த ராணியின் பெயரை வைத்துவிட்டது! இப்ப நான் இரண்டு பெயரையும் எழுதுகிறேன். இரண்டும் வரலாறுதான்.

அந்த மாளிகை நிற்பது கடலோரத் திட்டின் விளிம்பில். அலை திட்டை அரிக்கிறது, சுவர் விழுகிறது. இப்படியான இடத்தில் ஒரு போட்டிப் படம் என்ன செய்யும் என்பதற்கு நேபாளம் உதாரணம். மரபுச் சின்னப் போட்டியில் அந்த நாடு 2013இலும் 2014இலும் பங்கேற்றது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் காத்மண்டுவின் தரகரா கோபுரம் உட்படப் பல கட்டடங்கள் இடிந்தன. பரிசுக்காக எடுத்த படங்கள் ஒரே நாளில் ஆவணங்களாகிவிட்டன. நடுவர்கள் தள்ளிவிட்ட படங்களும் சேர்த்துத்தான்.

அரிப்புக்கு நிலநடுக்கம் தேவையில்லை, சோளகக் காற்றே போதும்.

ஆகவே போட்டிக்கு அனுப்புங்கோ. விதிகளை வாசித்து, படத்தின் உரிமை யாருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கோ. பொழுது சாயிறதை ஒருமுறை எடுங்கோ, ஆசைக்கு. பிறகு காலையில் போய், சுவரை நேராக, நாலு பக்கமும் எடுங்கோ. திகதியையும் இடத்தையும் தமிழில் எழுதுங்கோ. நான் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் நின்று எடுக்கிறேன். இதுவரை பரிசு ஒன்றும் இல்லை. போன வருடப் படத்தில் இருந்த ஒரு செங்கல் வரிசை இந்த வருடப் படத்தில் இல்லை.