90இல் நின்றுவிடும் ரேடியோ

ஜப்பானில் ஓடிவிட்டு இலங்கைக்கு வரும் பழைய காரின் ரேடியோவுக்கு அரைக் காதுதான். ஜப்பானின் எஃப்.எம். அலைவரிசை நெடுங்காலம் 76இல் தொடங்கி 90 மெகாஹேர்ட்ஸில் முடிந்தது. இலங்கை நிலையங்களோ 108 வரை போகின்றன. ஏரியலுக்கும் ரேடியோவுக்கும் நடுவே ஒரு சிறு பெட்டியைச் செருகி, மேலே இருக்கும் அலையைக் கீழே இறக்குவதே இதற்கான கைவைத்தியம்.

1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கஸெட் காருக்குள்ளும் வந்தபின் இந்தக் கவலை குறைந்தது. ஆனால் வடக்கின் முஸ்லிம் ஊரான எருக்கலம்பிட்டியில் இந்தக் கஸெட் கதை இடையிலே அறுந்தது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்ற, ஊரவர் படகேறிக் கற்பிட்டி, புத்தளம் பக்கம் போனார்கள். 2009இல் போர் முடிந்து பலர் மீள வந்தபோது கஸெட் காலமே போய்விட்டிருந்தது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட, பழைய கார்களுக்கு மவுசு ஏறியது. இவற்றில் பாட்டுக் கேட்க, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் புளூடூத் கருவி, கைபேசிப் பாட்டை எஃப்.எம். அலையாக்கி ரேடியோவுக்கு ஊட்டும். ஆனால் அது பெரும்பாலும் 87.5க்குமேல்தான் பேசும், பழைய ஜப்பானிய ரேடியோ 90க்குமேல் கேட்காது. இரண்டும் சந்திக்க மிஞ்சுவது இரண்டரை மெகாஹேர்ட்ஸ் சந்து. அதிலும் ஏதாவது நிலையம் குந்தியிருந்தால் இரைச்சல்தான். ஆக்ஸ் துளை உள்ள காரென்றால் வயரே மேல்.