ஓர் ஆசிரியரும் ஒரு பாடகியும்



ஒரு பாடலைக் கேட்டு உள்ளம் உருகும்போது பாடியவர் யாரென்று வினவுகின்றோம். எழுதியவர் யாரென்று வினவுவோர் நம்முள் மிகச் சிலரே. அமெரிக்க நாட்டின் ஜாஸ் இசை வரலாற்றிலும் அத்தகைய பாடல் ஒன்றுண்டு. ‘ஸ்ரேஞ்ச் புரூட்’, அதாவது ‘விநோதக் கனி’ என்பது அதன் பெயர். அதைப் பாடிய பில்லி ஹொலிடே என்னும் பெண்மணியை இசையுலகம் நன்கறியும். எழுதியவர் ஒரு பாடசாலை ஆசிரியர் என்பதை அறிந்தவர் சிலரே. அவ்விருவரின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1865ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. ஆயினும் கறுப்பின மக்களுக்கு விடிவு பிறக்கவில்லை. வழக்கும் விசாரணையும் இன்றி, கும்பல் கூடி அவர்களைக் கொல்லும் கொடுமை பரவிற்று. 1877 முதல் 1950 வரையில் இவ்வாறு மாண்டோர் 4,000 பேருக்கும் மேலாவர். பலர் மரக்கிளைகளில் தூக்கிலிடப்பட்டனர். அக்காட்சியைப் புகைப்படமாக எடுத்து விற்போரும் இருந்தனர்.

அத்தகைய புகைப்படமொன்று நியூயோர்க் நகரில் ஆங்கிலம் கற்பித்த ஏபல் மீரோபோல் என்பவரின் கண்ணிற் பட்டது. 1903இல் பிறந்த அவர் யூத இனத்தவர். அப்படம் அவரது உறக்கத்தைக் கெடுத்தது. மரத்திலே தொங்கும் உடல்களைக் கனியாக உருவகித்து அவர் எழுதிய கவிதை, 1937ஆம் ஆண்டில் ஆசிரியர் சங்கத்தின் இதழொன்றில் வெளியாயிற்று. பின்னர் தாமே அதற்கு மெட்டும் அமைத்தார். பாடல்களுக்கு அவர் இட்டுக்கொண்ட புனைபெயர் லூயிஸ் அலன் என்பதாகும்.

இனி, பாடகியின் கதையைக் கேட்போம். பில்லி ஹொலிடே 1915ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிற் பிறந்து, பால்ட்டிமோர் நகரில் வறுமையில் வளர்ந்தார். முறையாக இசை பயின்றவரல்லர். லூயி ஆம்ஸ்ட்ரோங், பெஸி ஸ்மித் ஆகியோரின் இசைத்தட்டுக்களே அவருக்கு ஆசான்களாயின. 1938இல் வெள்ளையரின் வாத்தியக் குழுவொன்றுடன் பாடச் சென்றபோது, ஹோட்டலொன்றில் சாமான் ஏற்றும் மின்தூக்கியிலேயே அவர் செல்லவேண்டியிருந்தது. மேடையில் கைதட்டல், மேடைக்குப் பின்னால் அவமதிப்பு!

அவ்வாண்டின் இறுதியில், இருநிறத்தவரும் அருகருகே அமர்ந்து இசை கேட்பதற்கென நியூயோர்க்கில் ஓர் இரவு விடுதி திறக்கப்பட்டது. மீரோபோல் அங்கு சென்று தமது பாடலைப் பில்லிக்கு வாசித்துக் காட்டினார். தென்பகுதியிலே வைத்தியசாலைகள் ஏற்க மறுத்ததால் தம் தந்தை மாண்டார் என்ற துயரம் பில்லியின் நெஞ்சில் இருந்தது. அத்துயரத்தை இப்பாடல் நினைவூட்டியதாக அவரே பின்னாளில் எழுதினார்.

1939இல் அப்பாடல் அரங்கேறியது. பரிசாரகர்கள் பணியை நிறுத்துவர், விளக்குகள் அணையும், பாடகியின் முகத்தில் மட்டும் ஒளி விழும். பாடல் முடிந்ததும் அவ்வொளியும் மறையும். மீண்டும் விளக்கேறும்போது அவர் மேடையில் இருக்கமாட்டார். அவருடைய இசைத்தட்டுக்களை வெளியிட்டு வந்த கொலம்பியா கம்பனி, இப்பாடலை ஒலிப்பதிவு செய்ய அஞ்சியது. கொமடோர் என்னும் சிறிய கம்பனியே 1939 ஏப்ரல் 20இல் அதனைப் பதிவு செய்தது.

இருவரும் துன்பத்துக்குத் தப்பவில்லை. பாடசாலைகளில் பொதுவுடைமைவாதிகளைத் தேடிய விசாரணைக் குழுவொன்று மீரோபோலை அழைத்து, இப்பாடலை எழுதக் கட்சி பணம் கொடுத்ததா என்று வினவியது. கொலைக்காட்சியொன்று ஒருவரைக் கவிஞராக்கும் என்பதை அக்குழு நம்பவில்லை போலும்! பில்லியோ போதைப்பொருட் பழக்கத்துக்கு அடிமையாகி, 1947இல் சிறை சென்றார். மதுவிடுதிகளிற் பாடுதற்குரிய அனுமதிப்பத்திரமும் பறிக்கப்பட்டது. 1959 ஜூலை 17இல், தமது 44ஆவது வயதில், வைத்தியசாலைக் கட்டிலிலேயே கைதியாக்கப்பட்ட நிலையில் அவர் உயிர் நீத்தார்.

இங்கே ஒரு மனத்தாங்கலையும் மறைத்தலாகாது. 1956இல் வெளியான தமது சுயசரிதையில், கவிதைக்கு மெட்டமைத்ததில் தமக்கும் பங்குண்டு என்று பில்லி கூறினார். இது மீரோபோலை வருத்தியது. சொல்லும் மெட்டும் தம்முடையவை என்று நெடுங்காலம் அவர் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. நியாயம் அவர் பக்கமே. ஆயினும் பில்லியின் குரல் இல்லையேல் அப்பாடல் சங்கக் கூட்டங்களைத் தாண்டி வெகுதூரம் சென்றிராது. படைத்தவர் ஆசிரியர், உலகின் செவியில் அதைச் சேர்த்தவர் பாடகி.

அவ்வாசிரியரைப் பற்றி இன்னுமொன்று கூறவேண்டும். 1953ஆம் ஆண்டில் ரோசன்பேர்க் தம்பதியர் உளவுக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டபோது அவர்களுடைய இரு புதல்வர்களும் அநாதைகளாயினர். அச்சிறுவரை ஏற்க உற்றாரே அஞ்சினர். மீரோபோலும் அவர் மனைவியும் அவர்களைத் தம் பிள்ளைகளாக வளர்த்தனர். பாட்டில் இருந்த இரக்கம் அவரது வீட்டிலும் இருந்தது.

மீரோபோல் 1986இல் மறைந்தார். கும்பற் கொலையைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. கவிதை அச்சேறி அப்போது 85 ஆண்டுகள் கடந்திருந்தன. சட்டம் பிந்தி வந்தது. பாட்டு முந்தி வந்தது. நேயர்களே, இனி ஒரு நல்ல பாடலைக் கேட்கும்போது, அதனை எழுதியவர் யாரென்றும் ஒருமுறை கேளுங்கள்.