வில்லை எங்கே வைப்பது?

எங்க ஊர் திருப்புட்குழி, காஞ்சிபுரம் பக்கம். புள்னா பறவை. ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம்னு சொல்லுவாங்க. சின்ன வயசுல எனக்கு ஒரு சந்தேகம்: சிதை மூட்டும்போது வில்லை எங்கே வெச்சிருப்பார்?

இது வேட்டைக்காரங்களோட பழைய பிரச்சினை. அம்பு விடுறது நொடி வேலை. மிருகம் வர்ற வரைக்கும் காத்திருக்கிறது மணிக்கணக்கு. நாண் ஏற்றிய மரவில் எப்பவும் அழுத்தத்துல இருக்கு. நாள்கணக்கா அப்படியே விட்டா, மரம் அந்த வளைவுக்கே பழகி விசை குறையும். அதனால வேலை முடிஞ்சதும் நாணை இறக்கிடணும். ஆனா பதுங்கியிருக்கும்போது இறக்க முடியாது. மான் எதிர்ல வந்தப்புறம் நாண் ஏற்றினா, அந்த அசைவுலயே ஓடிடும். அதனால நாணோட வில்லை மடியில சாய்ச்சு வெச்சுதான் காத்திருக்கணும். கைக்கு ஓய்வு, வில்லுக்கு இல்லை.

அடுத்த சிக்கல், இழுத்துப் பிடிச்சா கை நடுங்கும். 1966ல அமெரிக்கர் ஹோலஸ் வில்பர் ஆலன் கப்பி வெச்ச காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கேட்டார், 1969ல கிடைச்சது. முழுசா இழுத்ததும் கையில விழுற பாரம் குறைஞ்சிடும். 50 பவுண்டு வில், 80 சதவீதம் குறைப்புன்னா, கையில 10 பவுண்டுதான்.

நம்ம நாட்டுல 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அதனால அந்தக் காத்திருப்பு இங்கே வரலாறு மட்டும்தான். எங்க ஊர்க் கதையிலயும், ஒரு பறவைக்குக் கொள்ளி வைக்கணும்னா வில்லைக் கீழே வெச்சுதானே ஆகணும்? அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.