அமெரிக்கன் பை 2: அசட்டுப் பசங்களின் இரண்டாவது கோடை

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் 'ஏ' சமாச்சாரம். ஆபீஸ்ல உக்காந்து படிக்கிறவங்க பின்னாடி யாரும் நிக்கலையேன்னு ஒரு தடவை திரும்பிப் பாத்துக்கோங்க. :-)

விடலைப் பசங்க காமெடியில் இரண்டாம் பாகம் எடுத்தா என்ன ஆகும் என்பதற்கு ஹாலிவுட்டில் ஒரு பழைய பாடம் இருந்தது. பெயர் 'போர்க்கிஸ்'. பாப் கிளார்க் என்பவர் இயக்கியது. 1954ல் ஃப்ளோரிடாவில் நடப்பதாகக் கதை. பெண்கள் குளிக்கிற இடத்தைச் சுவர் ஓட்டை வழியா எட்டிப் பார்க்கிற பையன்கள்தான் ஹீரோக்கள். குறைஞ்ச செலவில் எடுத்த இந்தக் கனடா நாட்டுத் தயாரிப்பு 1982ல் அமெரிக்காவில் மட்டும் 100 மில்லியன் டாலருக்கு மேல் அள்ளியது. உடனே 1983ல் இரண்டாம் பாகம். வில்லன் போர்க்கியே இல்லாத 'போர்க்கிஸ் 2'! அவனுக்குப் பதிலா ஒரு போலிச் சாமியார், கு க்ளக்ஸ் கிளான் கும்பல், நடுவுல ஷேக்ஸ்பியர் நாடகம்னு என்னென்னவோ பண்ணிப் பார்த்தார்கள். முதல் பாகத்தின் வசூலுக்குப் பக்கத்தில்கூட வரலை. 1985ல் மூணாவதையும் எடுத்துக் கடையைச் சாத்தினார்கள்.

அதுக்கப்புறம் பல வருஷம் இந்த வகைப் படங்களுக்கு மவுசு இல்லை. எய்ட்ஸ் பயம் ஒரு காரணம். ஜான் ஹியூஸ் படங்கள் பள்ளிக்கூடப் பசங்களை வேற மாதிரி, கொஞ்சம் மனசோட, காட்ட ஆரம்பித்தது இன்னொரு காரணம். 1998ல் ஃபாரெல்லி சகோதரர்களின் 'தேர்ஸ் சம்திங் அபவுட் மேரி' சக்கைப்போடு போட்டபோதுதான், ஆபாசக் காமெடிக்கு இன்னும் கூட்டம் இருக்குன்னு ஸ்டுடியோக்களுக்கு மறுபடியும் ஞாபகம் வந்தது.

1999 ஜூலையில் 'அமெரிக்கன் பை' வந்தது. (பைன்னா நம்ம மஞ்சப் பை இல்லைங்க. ஆப்பிள் வைத்துச் சுடுகிற பலகாரம். அதை ஹீரோ என்ன பண்ணினான்னு கேக்காதீங்க.) எழுதியவர் ஆடம் ஹெர்ஸ். தான் வளர்ந்த மிச்சிகன் ஊரான ஈஸ்ட் கிராண்ட் ராப்பிட்ஸைத்தான் 'ஈஸ்ட் கிரேட் ஃபால்ஸ்' என்று பெயர் மாற்றி வைத்தார். 11 மில்லியன் டாலர் செலவு, உலகம் பூரா 235 மில்லியன் வசூல். கதை ஒரே வரிதான்: பள்ளி முடிக்கிறதுக்குள்ள கன்னி கழிஞ்சாகணும்னு நாலு பசங்க சபதம் போடறாங்க.

ரெண்டு வருஷம் கழித்து, 2001 ஆகஸ்ட் 10, இரண்டாம் பாகம். முதல் படத்தை இயக்கிய வைட்ஸ் சகோதரர்கள் தயாரிப்புப் பக்கம் ஒதுங்கிக்கொள்ள, ஃபாரெல்லி சகோதரர்களிடம் உதவி இயக்குநராக இருந்த ஜே.பி. ராஜர்ஸ் இயக்கினார். முதல் மூணு நாளில் 45 மில்லியன். அமெரிக்காவில் மொத்தம் 145 மில்லியன், உலக அளவில் 287 மில்லியன். முதல் பாகத்தையும் தாண்டியது. 2003ல் வந்த 'அமெரிக்கன் வெட்டிங்', 2012ல் வந்த 'அமெரிக்கன் ரீயூனியன்' ரெண்டுமே இந்த எண்ணைத் தொடவில்லை.

போர்க்கிஸுக்கு நடக்காதது இதுக்கு எப்படி நடந்தது? ரெண்டுலயும் ஆபாசத்துக்குக் குறைவில்லை. எனக்குத் தோணறது இதுதான்: முதல் பாகத்தில் இருந்த சபதம் தீர்ந்துபோச்சு. இனி அந்தப் பசங்களுக்கு ஜெயிக்கறதுக்கு எதுவும் இல்லை. மிச்சம் இருப்பது அசட்டுத்தனம் மட்டும்தான். அதையே படமாக்கிவிட்டார்கள்.

கல்லூரியில் முதல் வருஷம் முடிந்து ஊருக்கு வருகிறார்கள். பழைய செட்டு பழைய மாதிரி இல்லை. கெவின் தன் பழைய காதலியை மறக்க முடியாமல் திண்டாடுகிறான். அவன் அண்ணன் கொடுத்த யோசனைப்படி எல்லோரும் சேர்ந்து மிச்சிகன் ஏரிக்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். வாடகை கட்ட அடுத்தவன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். எல்லாம் அப்படியே இருக்கணும்னு கெவின் ஆசைப்படறான், இருக்காதுன்னு அவனுக்கே தெரியும். காலேஜ் முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்த எவனுக்கும் இது புரியும்.

அப்புறம் அந்தச் சூப்பர் க்ளூ காட்சி (நம்மூர் ஃபெவிக்விக் மாதிரி வெச்சுக்கோங்க). ஜிம் வேறு எதையோ என்று நினைத்து அந்த ட்யூபை எடுத்துவிடுகிறான். ஒரு கை ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டிக்கொள்ள, இன்னொரு கையில் நீலப்பட வீடியோ கேசட். டிவிடி வேகமாகப் பரவிக்கொண்டிருந்த நேரம், பாவம் இவன் இன்னும் வி.எச்.எஸ்.ஸில் இருந்தான். கூரை மேல் ஏறி, போலீஸ் வந்து, கடைசியில் ஆஸ்பத்திரி. அங்கே அப்பா வருகிறார்.

இந்த அப்பாதான் படத்தின் உயிர் என்பேன். யூஜின் லெவி. அந்தப் புருவம் ஒண்ணே போதும்! முதல் படத்திலேயே தன் வசனங்களில் நிறைய அவரே சேர்த்துப் பேசியது. மகன் மானம் கப்பலேறி நிற்கும் ஒவ்வொரு தடவையும் தப்பான நேரத்தில் சரியாக உள்ளே வருவார். திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். ஆறுதல் சொல்லுவார். அந்த ஆறுதல்தான் பையனுக்கு அடியை விடப் பெரிய தண்டனை. போர்க்கிஸில் பெரியவர்கள் பெரும்பாலும் எதிரிகள். இங்கே பெரியவர் பையன் பக்கம் நிற்கிறார், அதனாலேயே அவனுக்குக் கூச்சம்.

இன்னொருத்தர் ஆலிசன் ஹானிகன். முதல் படத்தில் இசை முகாம் கதையைச் சொல்லிச் சொல்லியே எல்லாரையும் அறுக்கிற மிஷெலாகச் சின்ன வேடம். இரண்டாவதில் ஹெர்ஸ் அவரைக் கதையின் நடுவுக்குக் கொண்டுவருகிறார். வெளிநாட்டு அழகி நாடியாவுக்காகத் தயாராக ஜிம் மிஷெலிடம் பாடம் படிக்கிறான். கடைசியில் நாடியா எதிரிலேயே நிற்கும்போது, தானும் மிஷெல் மாதிரி ஒரு கேஸுதான் என்று அவனுக்கு உறைக்கிறது. அழகியை விட்டுவிட்டு முகாமுக்கு ஓடுகிறான். ஆபாசக் காமெடியின் இலக்கணப்படி பார்த்தால் இது தோல்வி. ஜனங்களுக்குப் பிடித்ததோ அதுதான்.

ஆனா எல்லாத்தையும் ஆகா ஓகோன்னு சொல்ல முடியாது. ஏரிக்கரையில் ரெண்டு பெண்கள் இருக்கும் வீட்டில் புகுந்து மாட்டிக்கொள்கிற காட்சி. நீங்க என்ன பார்க்க ஆசைப்படறீங்களோ அதை முதல்ல நீங்க பண்ணிக் காட்டுங்கன்னு அந்தப் பெண்கள் பையன்களைத் திருப்பி மடக்குகிறார்கள். வாக்கி டாக்கி வழியா ஊரே ஒட்டுக் கேட்கிறது. ஜிம்முக்கும் ஸ்டிஃப்லருக்கும் 2002ல் எம்டிவி சினிமா விருதில் சிறந்த முத்தத்துக்கான பரிசு! பார்க்கிறவனையே பார்க்கப்படுகிறவனாக மாற்றியது நல்ல யோசனை. ஆனா ரெண்டு ஆண்கள் முத்தமிட்டால் அருவருத்துச் சிரிக்கணும் என்கிற எதிர்பார்ப்பு அதில் அப்பட்டமாக இருக்கு.

அதைவிடப் பெரிய உறுத்தல் நாடியா. முதல் படத்தில் அவளுக்குத் தெரியாமல் அவள் உடை மாற்றுவதை வெப்கேமராவில் பள்ளிக்கூடத்துக்கே காட்டினார்கள். அதனால் அவளை நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதில் அவள் சிரித்துக்கொண்டே வருகிறாள், யாரும் ஒரு மன்னிப்பு கேட்கவில்லை. 2010ல் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், அறைத்தோழன் வெப்கேமராவில் வேவு பார்த்த பிறகு ஒரு மாணவர் உயிரை விட்டார். அதுக்கப்புறம் அந்தக் காட்சியைப் பார்த்து என்னால் சிரிக்க முடியலை. படம் அவமானத்தைப் பற்றியது என்று மேலே சொன்னேன். ஜிம்மின் அவமானம் மட்டும்தான் இந்தப் படத்தின் கணக்கில் வருகிறது.

இது நீடித்ததற்கு டிவிடியும் ஒரு காரணம். அமெரிக்காவில் 'ஆர்' ரேட்டிங் படத்துக்கு 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் துணை இல்லாமல் தியேட்டரில் விடமாட்டார்கள். வெட்டாத பதிப்பு என்று போட்டு விற்ற டிஸ்க் மட்டும் ஹாஸ்டல் அறைக்கு அறை சுற்றியது. ஒருத்தன் வாங்கினால் ஒரு மாடியே பார்க்கும்.

அந்தச் சந்தையை நம்பி 2005லிருந்து நேரடி டிவிடியாகவே கிளைக் கதைகள் விட்டார்கள். 'பேண்ட் கேம்ப்', 'நேக்கட் மைல்', 'பீட்டா ஹவுஸ்', 'புக் ஆஃப் லவ்' என்று நாலு. ஆபாசம் முன்னைவிடத் தாராளம். ஜிம் இல்லை, மிஷெல் இல்லை. நாலிலும் யூஜின் லெவி மட்டும் தனியா வந்து, யார் யாரோ பெத்த பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போனார்.